மரை பொருந்தாத திருகு

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கம் பழைய வீட்டுப் பரணிலிருந்து ஒரு படைக் கைத்துப்பாக்கி இறங்கினால் அதில் என்னென்ன இருக்காது என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு சுத்தி போல அடிக்கும் குதிரையின் மேல்தாடை, அதை இறுக்கும் திருகு, குழலுக்கு அடியில் செருகும் இரும்புக் கோல். கழன்று வரக்கூடியவை இவை, அதனால்தான் முதலில் தொலைகின்றன. 1768இல் கிருஷ்ணகிரிக் கோட்டை, 1791இல் ராயக்கோட்டை, 1792 உடன்படிக்கையோடு இந்த வட்டாரமான பாரமகால் முழுவதும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன மண் இது. கம்பெனித் துப்பாக்கி இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. குதிரை பொருத்தியிருக்கும் பக்கவாட்டுத் தகடான விசைத்தகட்டில் நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதன் தலையில் 4 போன்ற கோடும் இருந்தால் அது கம்பெனியின் பழைய முத்திரை. பின்னால் வந்தவற்றில் சிங்கம் நிற்கும்.

இப்படிப்பட்டதைச் சுடுவதற்கல்ல, பாதுகாத்து வைப்பதற்காகச் சீர்செய்யும்போது, எதைத் தொடுவதற்கு முன்னாலும் குழல் காலியா என்று பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய் வழியாக முட்டும்வரை விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுங்கள். அதே குச்சியைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் அதன் நுனி மருந்துத் துளைக்கு, அதாவது குழலின் அடிப்பக்கத்தில் தீப்பொறி உள்ளே போகும் சிறு துளைக்கு, நேரே வர வேண்டும். ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. துருவாகவும் இருக்கலாம், குண்டும் மருந்துமாகவும் இருக்கலாம். உலர்ந்த கருமருந்து 200 ஆண்டு கழித்தும் பற்றும். துளைக்கவோ சூடுகாட்டவோ கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லி, உரியவர்கள் வந்து எடுத்த பிறகுதான் வேலை.

சட்டத்தையும் அப்போதே முடித்துக்கொள்வது நல்லது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959 ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. ஆயுதம் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. நூறாண்டு கடந்த பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் சேரும். காட்டோர ஊர்களில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் நடக்கும் மாவட்டம் இது. எழுத்தில் அனுமதி இல்லாமல் எந்தப் பட்டறையிலும் உதிரிபாகம் செய்யச் சொல்லக் கூடாது.

இனித் திருகு. இந்த வேலையில் பாதிப் பொறுமை இதற்கே போகும். கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருப்பும்போது மேலே ஏறி வழுக்கித் தலையின் காடியைக் கிழித்துவிடும். பழைய திருகின் காடி குறுகலானது. நுனியின் இரு முகமும் இணையாக இருக்கும்படி சாணை பிடித்து, காடியின் நீளம் அகலம் இரண்டையும் நிரப்பும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் தனித் திருப்புளி என்றாலும் சரிதான். இறுகிப்போயிருந்தால் சால்டரிங் அயர்னின் சூடான நுனியைத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, முழுக்க ஆறவிட்டு, ஊசியால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய். இதையே மூன்று நான்கு நாள் செய்ய வேண்டும். அசிட்டோன் கலவை வேகமாக இறங்கும், ஆனால் சுற்றியுள்ள கட்டையின் பூச்சைக் கரைத்துவிடும். நெருப்பு காட்டினால் கட்டை கருகும். விசைத்தகட்டைப் பிடித்திருக்கும் பக்கவாட்டுத் திருகாணி இரண்டையும் ஒரேயடியாகக் கழற்றாமல் மூன்று சுற்று தளர்த்தி, தலைகளை மாற்றி மாற்றி மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் விசைத்தகடு நேராக எழும்பும். ஒரு பக்கம் நெம்பினால் ஓரத்து மரம் சில்லாகப் பெயரும்.

காணாமல் போன திருகுக்கு எம்5 வாங்கிப் போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. விட்வொர்த் தன் மரை அளவை முன்வைத்ததே 1841இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் மரை வெட்டும் தன் கருவியான மரைத்தகடு வெட்டிய அளவில் வெட்டியது. தடிமன் ஏறத்தாழ 5 மி.மீ. இருக்கலாம், ஆனால் எம்5இன் மரை இடைவெளியான 0.8 மி.மீ. அதில் பொருந்தாது. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே அழுத்தினால் தகட்டிலுள்ள பழைய மரை நசுங்கும். துளைக்காகத் திருகைச் செய்யலாம். திருகுக்காகத் துளையை மாற்றவே கூடாது. துளையைத் துடைத்து மெழுகு தடவி, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோனை நிரப்பினால் சில நிமிடத்தில் இறுகும். அதைச் சுழற்றி எடுத்து, பதிந்திருக்கும் மரைகளின் நீளத்தை அளந்து அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். ஓசூரில் ஒற்றைமுனை உளியால் லேத்தில் மரை வெட்டுகிற பட்டறைகள் உண்டு. அச்சையும் அளவையும் அனுமதிக் கடிதத்தையும் கொண்டுபோனால் செய்துவிடுவார்கள். செய்த ஆண்டைத் தலைக்கு அடியில் கொத்திவிட வேண்டும். நாளைக்கு இதைத் திறப்பவர் எது பழையது, எது நம்முடையது என்று தேடக் கூடாது.

மேல்தாடைக்கும் அப்படித்தான். அசலிலிருந்து அச்செடுத்து எஃகில் வார்த்தால் ஏறத்தாழ 2 சதவீதம் சுருங்கும்; 50 மி.மீ. பாகத்தில் 1 மி.மீ. போய்விடும். ஆகவே வார்ப்பைவிட அரத்தால் ராவிச் செய்வதே சரியாக வருகிறது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூரிலும் பழைய ஆயுதங்கள் காட்சியில் உள்ளன. ஒத்த அமைப்பு கண்ணில் பட்டால், அனுமதி கேட்டு அளவுகோலோடு படமெடுக்கலாம்.

உள்ளே குதிரையை உந்தும் முதன்மை வில் உடைந்திருந்தால் உடைந்தபடியே இருக்கட்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. புது வில் பொருளின் வரலாற்றில் எதையும் சேர்ப்பதில்லை, அதை மறுபடி ஆயுதமாக்குகிறது. குதிரை தளர்ந்து தொங்கினால் அடியில் ஒரு சிறு மரத்துண்டு வைத்தால் போதும். 19ஆம் நூற்றாண்டில், சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதில் சிறு வெடிமூடியை அடித்துச் சுடும் கேப் முறைக்கு மாற்றியதையும் பழைய வடிவத்துக்குத் திருப்ப வேண்டாம். தகட்டில் அடைத்த துளைகள் அந்த மாற்றத்தின் தடயம்.

பித்தளைப் பூணும் கட்டையும் சேரும் கோட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். மெழுகு போன்ற பச்சைப் பிசுக்கு பிதுங்கியிருக்கும். தேய்த்த எண்ணெயின் கொழுப்பமிலம் செம்பைத் தின்று உண்டான களிம்பு அது. மூங்கில் குச்சியைச் சீவி பெயிண்ட் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டினால் சுருளாக வரும். அடியில் சிறு குழிகள் தெரியும். பித்தளை பாலிஷ் வேண்டாம். அதன் மாவு முத்திரை எழுத்துக்குள் வெள்ளையாகத் தங்கும், எழுத்தின் ஓரமும் மழுங்கும்.

துருவில் இரண்டு வகை. ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. அதை மட்டும் மெல்லிய எண்ணெயும் மிக மெல்லிய நான்கு பூஜ்ய (0000) எஃகுப் பஞ்சும் கொண்டு எடுக்க வேண்டும். கரும்பழுப்பாக வழவழவென்று இருப்பது அடங்கிய துரு. பல குழல்களில் அந்தப் பழுப்பைப் பட்டறையிலேயே வேண்டுமென்று ஏற்றியிருப்பார்கள். உப்புத்தாள் போட்டு வெள்ளையாக்கினால் பிறகு எதைக்கொண்டும் மீட்க முடியாது. மலையில் கிடைக்கும் கடுக்காய் நீரைத் தடவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதிலுள்ள டானின் துருவைக் கறுப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழுப்பேற்றிய குழலும் கறுத்துவிடும், அதனால் இங்கே அது உதவாது.

கட்டை பெரும்பாலும் வால்நட். வெடிப்புக்குத் தச்சர்களின் வஜ்ரப் பசையே நல்லது, வெந்நீரில் மறுபடி இளகும். ஒட்டுக்குத் தேக்கு வேண்டாம், காஷ்மீர் வால்நட் சாமானின் பழைய துண்டு கிடைத்தால் ரேகை ஓடும் திசை பார்த்து வையுங்கள்.

கடைசியாக மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்த்துவிட வேண்டும். தோல் உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்தால் அவற்றின் அமிலம் இறங்கும். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் என்பது இரும்புக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட அளவு. பங்குனி சித்திரையில் கட்டை சுருங்கி, குழலின் வாலைக் கட்டையோடு பிணைக்கும் வால்திருகின் அருகே கீறல் விடும். ஐப்பசி கார்த்திகையில் சிலிக்கா ஜெல்லை வாரம் ஒருமுறை மாற்றும்போது, குழலும் கட்டையும் சேரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுத் துரு அந்த இடுக்கில்தான் முதலில் பொடியாகத் தலைகாட்டும்.