கண்ணாடியில் ஒட்டிய அறிவித்தல்

"தம்பி, எங்கட வகுப்பு பள்ளிக்கூடம் இல்லையோ?"

எங்கள் பிளாசாவில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிற ரீச்சர் கேட்டது இவ்வளவுதான். "சட்டப்படி இல்லை, ரீச்சர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். 2022 இலையுதிர் காலத்தில் நடந்த கதை. நான் சொன்னதில் இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

பிளாசாவில் ஒரு கடை அப்போது எட்டு மாதமாகக் காலி. அனுமதி பெற்ற கஞ்சாக் கடை போட வந்தவர்கள், நாங்கள் கேட்ட வாடகைக்குப் பேரம் பேசவில்லை. காரணம் ஸ்டீல்ஸ் வீதி. அதற்கு வடக்கே மார்க்கம். கஞ்சாக் கடை எங்கள் ஊரில் வேண்டாம் என்று 2019 ஜனவரி 22 கெடுவுக்கு முன்பே ஒன்ராறியோ மாகாணத்துக்குச் சொல்லிவிட்ட நகரம். தெற்கே நாங்கள், ரொறன்ரோ. இங்கே சம்மதித்தாயிற்று, சம்மதித்த நகரம் பின்வாங்கவும் முடியாது. கஞ்சாக் கடைக்கென்று தனியாக நிலப் பயன்பாட்டு விதி எழுதி 'இந்தத் தெருவில் வேண்டாம், அந்தத் தெருவில் போடு' என்று சொல்லவும் மாகாணச் சட்டம் நகரத்தை விடாது. துணிக்கடை வரக்கூடிய இடத்தில் கஞ்சாக் கடையும் வரலாம். ஒரே வேலி, பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர்.

அதை அளந்து பார்த்தவன் நான்தான். அரசாங்கப் பள்ளியின் காணி எல்லை வெகு தொலைவில் இருந்தது. ரீச்சரின் வகுப்பு ஒரு சுவருக்கு அப்பால். அதை நான் அளக்கவே இல்லை. கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளி என்றால் பள்ளி நாட்களில் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், ஐந்து பிள்ளைகளுக்காவது பாடத்திட்டப் பாடம் நடக்க வேண்டும். ரீச்சரிடம் பிள்ளைகள் வருவது ஐந்து மணிக்கு. சனிக்கிழமை முழுநாளும் நடக்கும், ஆனால் சனிக்கிழமை பள்ளி நாள் இல்லையே.

ஆக, பதில் சரி. அவர் கேட்டது அதைத்தானா என்பதுதான் பிறகு வந்த கேள்வி.

அன்று கஞ்சாக் கடை வரப்போகிற அறிவித்தல் காலிக் கடையின் கண்ணாடியில் ஏறி ஆறாவது நாள். மாகாணத்தில் கஞ்சாக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கிற ஆணையமான ஏஜிசிஓ கடை அனுமதி கொடுக்க முன் 15 நாள் அதை ஒட்டி வைக்க வேண்டும். அதற்குள் அந்த நகரத்தில் வசிக்கிற யாரும் ஆட்சேபம் எழுதலாம். எழுதக்கூடிய காரணங்கள் மூன்றுதான்: பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோர் பாதுகாப்பு, கள்ளச் சந்தையைத் தடுப்பது. இரண்டாவது காரணத்தை எழுத வகுப்பு பள்ளிக்கூடமாக இருக்கத் தேவையில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் சொல்லவில்லை.

நான் கட்டடக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவன். அவருடைய வாடகைக்கு எதிராக எழுதுங்கள் என்று நானே வழிகாட்ட முடியுமா? அறிவித்தல் ஒளித்து வைத்த கடதாசியும் இல்லை. ரீச்சர் என்னைவிட நன்றாக ஆங்கிலம் வாசிப்பார். எழுதியிருந்தாலும் கடை வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரே தெருவில் நாலு கடை வந்ததெல்லாம் யாரும் எழுதாமலா வந்தது? அதோடு, உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கடையில் பெரிய வெறுப்பும் இல்லை. 19 வயதுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு தெரியாது. அதே பிளாசாவில் பியர் விற்கிற உணவகம் பத்து வருடமாக இருக்கிறது. அதைப் பற்றி ஒரு பெற்றோரும் வாய் திறந்ததில்லை.

இவ்வளவு நியாயம் கையில் இருக்கிறவன் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒருவேளை முதல் குத்தகைப் பத்திரம்தான் காரணமோ தெரியாது. ரீச்சர் இடம் எடுத்தபோது 'பயன்பாடு' என்ற இடத்தில் பள்ளிக்கூடம் என்று போடச் சொன்னார். நான்தான் மறித்தேன். பள்ளிக்கூடம் என்று போட்டால் மாநகரம் வேறு கேள்விகள் கேட்கும், கார் நிறுத்துமிடக் கணக்கு வரும், 'ரியூஷன்' என்று போட்டால் தலையிடி இல்லை என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். 150 மீட்டர் கணக்குக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை, அங்கே மணிக்கூடுதான் தீர்மானிக்கிறது. தெரியும். ஆனாலும் "பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று அவர் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது நான் அடித்த அந்த 'ரியூஷன்'.

கடை வந்தது. வகுப்பும் நடக்கிறது. பிள்ளைகளை ஏற்ற வருகிற தகப்பன்மார் கார்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

போன மாதம் ரீச்சர் குத்தகையைப் புதுப்பிக்க வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரம் முழுவதையும் வாசித்தார். 'பயன்பாடு' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இதில இந்த முறை பள்ளிக்கூடம் எண்டு போடலாமோ, தம்பி?"

"முதலாளியிட்டைக் கேட்டுச் சொல்லுறன், ரீச்சர்" என்றேன்.

இன்னும் கேட்கவில்லை.