ஊகிக்க வேண்டாத கண்ணிவெடி

பள்ளிக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் முடித்ததும் மிச்சமிருக்கும் நேரத்தில் மைன்ஸ்வீப்பர் ஆடுவேன். மூடிய கட்டங்களைத் திறந்துகொண்டே போக வேண்டும்; திறந்த கட்டத்தில் உள்ள எண், சுற்றி எத்தனை கண்ணிவெடி என்று சொல்லும்; கண்ணியைத் திறந்தால் தோல்வி. பெரிய பலகை, 30க்கு 16, மொத்தம் 99 கண்ணிகள். 98ஐக் கண்டுபிடித்துவிட்டு வந்தால் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சி நிற்கும். எதில் கண்ணி என்று சொல்ல எந்த எண்ணும் உதவாது. ஒன்றை அமுக்கிப் பார்க்க வேண்டியதுதான். யோசிக்க வழியே இல்லாமல் தோற்பது எனக்கு அப்போதே பொறுக்காது.

பல வருடம் கழித்து, பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டபோது எஸ்ஜிடி-பசில்ஸ் என்ற தொகுப்பு கண்ணில் பட்டது. சைமன் டேதம் எழுதியது. தூரத்து சர்வர்களோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் தெரிந்த, அவற்றோடு இணைய உதவும் புட்டி என்ற நிரலை எழுதியவரும் அவர்தான். சுமார் 40 சின்னச் சின்னப் புதிர்கள், எல்லாம் சி மொழியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில். அதில் மைன்ஸ் என்று ஒன்று. முதல் கட்டத்தைத் திறந்தபின் கடைசிவரை ஊகமே தேவைப்படாது. வெடித்துவிட்டால்கூட ஒரு படி பின்னால் போய்த் தொடரலாம், எத்தனை முறை செத்தோம் என்ற கணக்கு மட்டும் கீழே நிற்கும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

சரி, ஊகமே வேண்டாத பலகையை எப்படி உருவாக்குகிறார்கள்? நானே பைத்தான் என்ற நிரல் மொழியில் முயன்று பார்த்தேன். கண்ணிகளைக் கண்டபடி தூவு, தர்க்கத்தால் மட்டும் தீர்க்கும் ஒரு நிரலை ஓட விடு, அது மாட்டிக்கொண்டால் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தூவு. 9க்கு 9, 10 கண்ணி என்றால் உடனே வந்துவிட்டது. 99 கண்ணிக்கு லேப்டாப் விசிறி மட்டும்தான் சுற்றியது.

அப்புறம்தான் மைன்ஸின் மூலநிரலைத் திறந்தேன். நாம் முதல் கட்டத்தை அமுக்கும்வரை அங்கே பலகையே கிடையாது. அமுக்கிய இடத்தையும் சுற்றியுள்ள கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டுத்தான் கண்ணிகளைத் தூவுகிறார். தீர்க்கும் நிரல் ஓடுகிறது. அது மாட்டிக்கொள்ளும்போது பலகையைத் தூக்கி எறிவதில்லை. மாட்டிய இடத்தில் சில கட்டங்களை மட்டும் எடுத்து, அவற்றைக் கண்ணியால் நிரப்புகிறார் அல்லது முழுக்கக் காலி செய்கிறார். கூடின, குறைந்த கண்ணிகளை வேறு இடத்தில் சரிக்கட்டிவிட்டு மறுபடி தீர்க்க விடுகிறார். முடிச்சு விழுந்த இடத்தை மட்டும் அவிழ்ப்பது! இதையெல்லாம் கோப்புக்குள்ளேயே நீண்ட குறிப்புகளாக எழுதி வைத்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்த மாதிரி இருந்தது. கட்டற்ற மென்பொருள் மேல் எனக்குள்ள பிரியம் முழுக்க இப்படி வந்ததுதான்.

அந்த யோசனையை வைத்து என் நிரலைத் திருப்பி எழுதினேன். பெரிய பலகையும் வந்துவிட்டது. பொத்தான்களில் தமிழ் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எப்போதும் இடது மேல் மூலையில்தான் தொடங்குவார். இரண்டாம் நாளே கூப்பிட்டார்.

"டேய், இந்த மூலையில ஒண்ணுன்னு காட்டுது. சுத்தி மூணு கட்டமும் திறந்துட்டேன், ஒண்ணுமே இல்லையே?"

அவர் சொன்னது சரிதான். பைத்தானில் கடைசி வரிசையைத் தாண்டி எண்ணினால் பிழை சொல்லி நின்றுவிடும். அதற்குத் தடுப்புப் போட்டிருந்தேன். முதல் வரிசையின் எண் 0, அதற்கு மேலே போனால் -1 ஆகும். அதற்குப் பிழை வராது, சத்தமில்லாமல் கடைசி வரிசையை எடுத்துக் கொடுத்துவிடும். பலகையின் அடியில் இருந்த கண்ணி மேல் மூலையின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தீர்க்கும் நிரலும் அதே கணக்கை நம்பியதால் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன், தீர்ந்தது.

எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றுதான்: நிரலை எடுத்தாள்பவர்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டும். நான் யோசனையைத்தான் எடுத்தேன், ஆனாலும் டேதமின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் என் நிரலை இணையத்தில் ஏற்றினேன். அதே உரிமத்தில்.

கண்ணி இருக்கும் கட்டத்தில் நடும் கொடி இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த வேலை இருக்கிறது.