பக்கியைப் படம் எடுக்கணுமா?

பக்கி (நைட்ஜார்) ராத்திரியில் மண்பாதையில் உட்கார்ந்திருக்கும் பறவை. அதைக் காட்டிக் கொடுப்பது அதன் கண்தான். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் கண் உயரத்துக்குத் தூக்கி, மண்பாதையில் மெல்ல ஓட்டுங்க. தணல் மாதிரி ஒரு புள்ளி மின்னும். (சிலந்திக் கண்ணும் மின்னும், ஆனா பொடிசா.)

படத்துக்கு இதே கணக்கு தலைகீழ். லென்ஸுக்கு மேலேயே ஃபிளாஷ் இருந்தால், விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளப்புப் படலத்தில் பட்டு ஒளி நேரே திரும்பும்; கண்ணுக்குப் பதில் சிவப்பு விளக்குதான் பதியும். என்னைக் கேட்டால் ஃபிளாஷே வேண்டாம். மங்கலான டார்ச்சோடு ஒருத்தரை நாலடி பக்கவாட்டில் நிறுத்துங்க.

மண்மேல் பீன் பேக் (கேமராவைத் தாங்கும் மெத்துப் பை), 400 எம்எம் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/30 நொடி என்று ஆரம்பிக்கலாம். பக்கி கல் மாதிரி உட்காரும். ஆட்டம் உங்க விரலில்தான் வரும், 2 நொடி டைமர் வைங்க. ஆட்டோ ஃபோகஸ் முன்னால் நிற்கிற புல்லைப் பிடித்துக்கொள்ளும். மேனுவலுக்கு மாற்றி, கண்ணைச் சுற்றியுள்ள இறகுக்கு ஃபோகஸ் செய்யுங்க.

நாலைந்து படம் போதும், விளக்கை அணைச்சிடுங்க. குரலைப் பதிவு போட்டுக் கூப்பிடாதீங்க. சிறகு ஒடிந்த மாதிரி தரையில் துடித்தால் அது நடிப்பு. காலடியில் முட்டையோ குஞ்சோ இருக்கு, வந்த தடத்திலேயே திரும்பிடுங்க.