2147483647

ரயிலில் எதிர் சீட்டுப் பையனின் கைபேசி விளையாட்டில் ஸ்கோர் 2147483647-இல் நின்றுவிட்டது. எவ்வளவு ஆடியும் அதற்கு மேல் ஏறவில்லை.

கணினியில் 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில்), கூட்டல் கழித்தல் குறியோடு, எழுத முடிகிற மிகப் பெரிய எண் அது. இன்னும் ஒன்று கூட்டினால் பெரும்பாலும் −2147483648 ஆகப் புரண்டுவிடும்.

ஆனால் இந்த எண்ணின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. 2³¹ − 1. பகா எண்!

கணினி இல்லாத காலத்தில் கணித மேதை ஆய்லர் இதை நிறுவினார்; 1772-இல் வெளிவந்தது. வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை.

இதை வகுக்கிற பகா எண் ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63.

1-ஐ விட்டுவிட்டால், மிஞ்சுவது 373 எண்கள். அவற்றில் பகா எண்கள் நூறுகூட இல்லை. என்ன ஒரு சல்லடை!

(2-இன் அடுக்கு, இங்கே 31, பகா எண்ணாக இருந்தால் மட்டும் விடை பகா எண் ஆகிவிடாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.)

சமவாய்ப்பு எண் (random number) உருவாக்கவும் இது உதவும். முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். 1 முதல் 2147483646 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும்.

தொடக்க எண்ணாக 0 கொடுத்துவிடாதீர்கள், கடைசிவரை 0-தான் வரும். பெருக்குத்தொகை 32 பிட்டில் அடங்காது. அதை 64 பிட்டில் வையுங்கள்.