மஸ்டாவில் கையெழுத்துப் போட்டாச்சு: பதினெட்டு இரவுச் சோதனைக் கணக்கு

கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் வீடியோ கேமில், ஜப்பானின் சுசூகா தடத்தில், ஒன்பதாவது இடத்தில் கிளம்பி நாலாவது இடத்தில் முடித்தேன். கடைசி மூன்று சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினேன். அவர்கள் தடுமாறி வழி விட்டதால் இல்லை. ஸ்பூன் வளைவை விட்டு வெளியே வரும்போது என் பின் டயரில் இன்னும் பிடி இருந்தது, அவர்களுடையதில் இல்லை, அவ்வளவுதான். அந்த நேர்க்கோட்டில் ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டி, காற்றுத் தடை குறைந்து வேகம் கூடுவது) பிடித்து 130ஆர் என்ற வளைவு வருவதற்குள் பக்கத்தில் போய்விட்டேன். இரண்டு பேரையும் அதே இடத்தில், அதே மாதிரி. ரேஸ் முடிந்த பிறகு ரீப்ளேயை நாலு தடவை பார்த்தேன்.

கிரான் டூரிஸ்மோ 7 மேனுஃபேக்சரர்ஸ் கப்பில், அதாவது ஒரு கார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு சீசன் முழுக்க அதன் காரையே ஓட்டும் போட்டியில், எனக்கு இது மூன்றாவது சீசன். ஒரு கம்பெனியோடு முதல் பத்துக்குள் முடிப்போம் என்ற நம்பிக்கை வந்திருப்பது இதுதான் முதல் முறை. அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கத்தான் இது.

போன சீசனில் எடுத்த கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. தப்பு அந்தக் காரில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த விதத்தில். நடு எஞ்சின் கார், புது டயர் போட்டு ஒரே ஒரு சுற்று விட்டால் என் கையில் மற்ற எல்லாவற்றையும் விட வேகம். அந்த ஒரு சுற்றின் நேரத்தைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போட்டேன். குவாலிஃபையிங்கில் மூன்றாவது, நாலாவது என்று நிற்பேன், ஆறாவது சுற்றில் பின்பக்கம் விலக ஆரம்பிக்கும், எட்டாவது சுற்றில் பத்துப் பேருக்குப் பின்னால் இருப்பேன். சீசன் நடுவில் கம்பெனி மாற்ற முடியாது என்பதால் கடைசி வரை அதையே ஓட்டினேன். டிஆர் (ஓட்டும் திறமைக்கான தரம்) ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கியது. எஸ்ஆர் (மற்றவர்களை இடிக்காமல் ஓட்டுவதற்கான தரம்) மட்டும் உச்சமான எஸ்-இல் நின்றது, அதில் எனக்குப் பெருமைதான்.

இந்தத் தடவை கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி: எட்டாவது சுற்றில் எந்தக் கார் என் கையில் நிம்மதியாக இருக்கிறது? முதல் சுற்று எனக்கு வேண்டாம்.

போர்ஷே 911 ஆர்எஸ்ஆர், டொயோட்டா ஜிஆர் சூப்ரா ரேசிங் கான்செப்ட், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் குரூப் 3, மஸ்டா ஆர்எக்ஸ்-விஷன் ஜிடி3 கான்செப்ட். இந்த நாலும்தான் பட்டியலில் மிஞ்சியவை. குரூப் 3, அதை விட வேகம் குறைந்த குரூப் 4 என்ற இரண்டு ரேஸ் கார் வகையிலும் கார் வைத்திருக்கும் கம்பெனியாக இருக்க வேண்டும் என்பது முதல் வடிகட்டல், ஏனென்றால் சீசனில் இரண்டு வகை ரவுண்டும் வரும். குரூப் 3-இல் ராஜாவாக இருந்துவிட்டு குரூப் 4-இல் அழுதுகொண்டிருக்கும் கம்பெனிகளும் உண்டு.

சோதனைக்கு சுசூகாவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 5.807 கிலோமீட்டர், எட்டு வடிவத்தில் தன்னையே குறுக்கே கடந்து போகும் தடம், அதனால் ஒரு பக்க டயர் மட்டும் தேய்ந்து நம்மை ஏமாற்றாது. ஒரே திசையில் சுற்றும் தடத்தில் சோதித்தால் வெளிப்பக்க டயர் போவதை வைத்துக் காரையே தப்பாக எடைபோட்டுவிடுவோம். தனி லாபி (நாமே அமைக்கும் ரேஸ் அறை) திறந்து, பிஓபி (கார்களின் சக்தி, எடையைச் சமப்படுத்தும் விதி) போட்டு, டயர் தேய்மானம் 8 மடங்கு, எரிபொருள் 3 மடங்கு, மீடியம் டயரில் எட்டு சுற்று. எரிபொருளை அணைத்துவிட்டு டயரை மட்டும் சோதிக்கக் கூடாது, நான் முதல் இரண்டு இரவு அதைத்தான் செய்தேன். டேங்க் காலியாகக் காலியாகக் கார் லேசாகும், அந்த லாபம் டயர் நஷ்டத்தில் கொஞ்சத்தை மறைக்கும், அந்தக் கணக்கு காருக்குக் கார் வேறு. இரண்டு இரவு உழைப்பையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அப்புறம் இன்னொன்று தெரிந்தது. நாலாவதாக எந்தக் காரைச் சோதித்தாலும் அதுதான் நல்ல காராகத் தெரிந்தது! காரணம் கார் இல்லை, அதற்குள் தடம் எனக்குக் கை வந்திருந்தது. ஆகவே முதல் நாள் போர்ஷேயில் தொடங்கி மஸ்டாவில் முடித்தால், அடுத்த நாள் மஸ்டாவில் தொடங்கி போர்ஷேயில் முடித்தேன், இரண்டு நாளையும் கூட்டிச் சராசரி. இதைச் செய்த பிறகுதான் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போக ஆரம்பித்தன.

இனி பிரேக் பேலன்ஸ், அதாவது பிரேக்கின் வேலையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் எண். பதினெட்டு இரவில் பத்து இரவை இதுவே தின்றது. செட்டிங் எதையும் தொட முடியாத ரேஸில் ஓட்டுகிறவன் கையில் மிஞ்சுவது மூன்றுதான்: பிரேக் பேலன்ஸ், டிசிஎஸ் (சக்கரம் வழுக்காமல் தடுக்கும் உதவி), ஃபியூயல் மேப் (எஞ்சின் குடிக்கும் எரிபொருள் அளவு, 1-இல் அதிகம், எண் ஏற ஏறச் சிக்கனம்). எல்லாக் காரையும் பூஜ்யத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நியாயம் என்று முதலில் நினைத்தேன். அது பெரிய அநியாயம். ஒவ்வொரு காரும் எடையை வேறு வேறு இடத்தில் சுமக்கிறது, பூஜ்யம் ஒரு காருக்குப் பொருந்தும், இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு காருக்கும் அதற்கான எண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான் ஸ்டின்ட் (நிற்காமல் ஓட்டும் எட்டு சுற்று) ஓட்டினேன்.

கண்டுபிடித்த விதம் இது. சுசூகாவில் இரண்டு இடத்தை மட்டும் பார்த்தேன். ஒன்று 130ஆர் தாண்டி வரும் கடைசி சிக்கேன் (அடுத்தடுத்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பும் இறுக்கமான வளைவுகள்), கிட்டத்தட்ட நேராக நின்று பலமாக மிதிக்கிற பிரேக். இன்னொன்று ஸ்பூன், ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மெல்ல மெல்ல விட வேண்டிய இடம். சிக்கேனில் எல்லா எண்ணும் சுமாராக வேலை செய்யும், அங்கே தீர்ப்பு சொல்லக் கூடாது. ஸ்பூன்தான் உண்மையைச் சொல்லும். எண்ணை மைனஸ் பக்கம் தள்ளினால் முன் சக்கரத்துக்கு வேலை அதிகம், கார் சாதுவாக இருக்கும், ஆனால் அபெக்ஸுக்கு (வளைவின் உள் முனைக்கு) போகாமல் வெளியே நழுவும், முன் டயர் சீக்கிரம் தீரும். பிளஸ் பக்கம் தள்ளினால் மூக்கு அழகாக உள்ளே திரும்பும், அந்த முதல் இரண்டு சுற்றில் நான்தான் உலகத்திலேயே நன்றாக ஓட்டுகிறேன் என்று தோன்றும், ஐந்தாவது சுற்றில் பின் டயர் கணக்கைத் திருப்பிக் கேட்கும். இதில் யாரும் எனக்குச் சொல்லாதது ஒன்று: ஒரே எண்ணில் எட்டு சுற்றும் ஓட்டக் கூடாது. திரையில் முன் டயர் பட்டை (டயர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு) குறையும்போது ஒரு படி பின்னால், பின் டயர் முந்திக்கொண்டு குறைந்தால் ஒரு படி முன்னால், சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டும். நான் மாற்றும் இடம் சிக்கேனுக்குப் பிறகு வரும் முதல் நேர்க்கோடு, அங்கே மட்டும்தான் விரலுக்கு ஓய்வு.

டயர் பட்டையைக் கண்ணால் பார்த்து எழுதினால் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் கோட்டைத் தாண்டும் அதே நொடியை ரீப்ளேயில் நிறுத்தி, நாலு டயரையும் வரைந்து வைத்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க சின்னச் சின்னப் பட்டைகள்.

சரி, முடிவு. என் காலுக்கும் கைக்கும் வந்த முடிவு இது, வேறு ஒருவருக்கு வேறு மாதிரி வரலாம். ஒரே சுற்று வேகத்தில் போர்ஷே முதல். 2017 ஆர்எஸ்ஆரில் எஞ்சினைப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், 911 என்றதும் நாம் எதிர்பார்க்கும் பின் எஞ்சின் நடை இதில் இல்லை. பிரேக் பிடிக்கும் விதம் அவ்வளவு சுகம், விட மனமே இல்லை. ஆனால் முதல் சுற்றுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் எனக்கு 2.6 விநாடி போனது, அதில் பாதி நான் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) அவசரமாக மிதிப்பதால். சுபாரு நாலு சக்கர ஓட்டம், வெளியேறும்போது மிதித்துவிட்டுத் தூங்கலாம் என்கிற அளவுக்கு நம்பிக்கை, ஆனால் என் கையில் முன் டயர்தான் முதலில் போனது, 2.3. சூப்ரா 2.0, நேர்க்கோட்டில் அருமை. மஸ்டா 1.5.

முதல் சுற்றில் மஸ்டா நாலில் கடைசி, அதை மறைக்கவில்லை. போர்ஷேயை விட 0.4 பின்னால். ஆனால் நாலாவது சுற்றில் இரண்டும் ஒன்றாகிவிடும், அதற்குப் பிறகு மஸ்டாவுக்குத் திரும்பிப் பார்க்க வேலையில்லை. நீளமான மூக்கு, முன்னால் எஞ்சின், பின் சக்கர ஓட்டம், திரும்பும்போது ஒரு கணம் தாமதிக்கும், அந்தக் கணத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டால் பின் டயரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ளும். பிரேக் பேலன்ஸ் பிளஸ் 1-இல் தொடங்கி ஆறாவது சுற்றில் பிளஸ் 2. டிசிஎஸ் பூஜ்யம், கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் 1.

எரிபொருளிலும் அதற்குக் கை சிக்கனம். ரேஸில் ஃபியூயல் மேப்பை 1-இலேயே வைத்து, ஸ்லிப்ஸ்ட்ரீமில் இருக்கும்போது மட்டும் 3-க்கு இறக்கி, கியரைக் கொஞ்சம் சீக்கிரம் மாற்றினேன். பிட்டில் எரிபொருளுக்காக நின்ற நேரம் மற்றவர்களை விடக் குறைவு.

இந்தக் காரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். ஆர்எக்ஸ்-விஷன் 2015 டோக்கியோ மோட்டார் ஷோவில் கான்செப்டாக வந்த கார், அதன் ஜிடி3 வடிவம் நிஜத் தடத்தில் ஓடியதே இல்லை. 2020 மே மாதம் இதற்கு முந்தைய கேமான கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில்தான் பிறந்தது. போர்ஷேக்குப் பின்னால் லெமான் (பிரான்சின் 24 மணி நேர ரேஸ்) கதை எத்தனையோ இருக்கிறது, இந்தக் காருக்குத் திரைக்கு வெளியே வாழ்க்கையே இல்லை. ஆனாலும் இதில் இருக்கும் ரோட்டரி (பிஸ்டன் இல்லாத) எஞ்சின் என்றதும் 1991 லெமானில் ஜெயித்த மஸ்டா 787பி நினைவுக்கு வராமல் இருக்குமா? அந்த ஒரு காரணத்துக்காகவே கையெழுத்துப் போட்டபோது மனசு நிறைந்தது.

ஒரு கம்பெனியில் கூட்டம் எவ்வளவு என்பதையும் பார்த்தேன். இந்தக் கப்பில் நாம் முதலில் மோதுவது நம் கம்பெனிக்காரர்களோடுதான், தரவரிசை அந்தக் கம்பெனிக்குள்ளே போடுகிறார்கள், மேலே இருப்பவர்களுக்குத்தான் அடுத்த கட்டம். ஒவ்வொரு ரேஸிலும் கிடைக்கும் புள்ளி, கூட ஓட்டுபவர்களின் டிஆர் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து மாறும். எனவே டிஆர் பி-யில் இருந்துகொண்டு ஜெயிப்பதை விட, டிஆர் ஏ அறையில் ஏழாவதாக வருவது லாபமாக இருக்கலாம். கூட்டம் குறைந்த கம்பெனியாகப் பார்த்து ஒளிந்துகொள்வதில் எனக்கு விருப்பமில்லை. பிடித்த காரில் நூறாவதாக இருந்தாலும் பரவாயில்லை.

பெடலைப் பற்றி ஒரு புலம்பல். இந்தச் சோதனை நடுவில்தான் லோட் செல் பிரேக்குக்கு மாறினேன். கால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை விட்டு எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் படிக்கும் பெடல், ஸ்பூனில் பிரேக்கை மெல்ல விடுவதற்கு இதை விட்டால் வேறு வழியில்லை என்று இப்போது சொல்வேன். ஆனால் உள்ளே போடும் ரப்பரில் மென்மையான ஜோடியைக் கேட்டேன், வந்தது கல் மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பி மூன்று வாரம், பதில் இல்லை. இப்போதைக்குப் பழைய ரப்பரில் ஒன்றும் புதியதில் ஒன்றும் கலந்து போட்டு ஓட்டுகிறேன், ஆச்சரியமாக அது நன்றாகவே இருக்கிறது. மாற்று ஜோடி வந்தாலும் மாற்றுவேனா தெரியவில்லை. பெடல் மாறியதால் அதற்கு முந்தைய ஐந்து இரவு எண்களைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது, அதுதான் வலி. மேலே கொடுத்த விநாடிகள் எல்லாம் புதுப் பெடலில் எடுத்தவை.

ஜப்பானின் இன்னொரு தடமான ஃபூஜியில் ஒரு தடவை சரிபார்த்தேன், 1.475 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் மஸ்டா தனியாக ஓடினால் சூப்ராவிடம் தோற்கும். ஸ்லிப்ஸ்ட்ரீம் இருந்தால் ஒட்டிக்கொண்டு போகிறது. ஆக ஃபூஜி வரும் ரவுண்டில் தனியாக மாட்டிக்கொள்ளாமல் கூட்டத்தோடு போக வேண்டும், அதற்குக் குவாலிஃபையிங்கை இன்னும் தேற்ற வேண்டும். அந்த 0.4 எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: சுசூகாவின் டெக்னர் முதல் வளைவில் நான் இன்னும் காலைத் தூக்குகிறேன். மேல் வரிசைக்காரர்களின் ரீப்ளேயில் அங்கே த்ராட்டில் பட்டை பாதி கூட இறங்குவதில்லை.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனே என்ற இன்னொரு ரேஸ் கேமில் ஒரு லீக்குக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 எடுக்கலாம் என்று யோசனை, அதுவும் முன் எஞ்சின் நீள மூக்குதான், மஸ்டாவில் பழகிய பொறுமை அப்படியே உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே டயர் காற்றழுத்தத்தை 26 பிஎஸ்ஐ-க்கும் 27-க்கும் நடுவில் சூடான பிறகு நிற்கிற மாதிரி நாமே வைக்க வேண்டும், அதற்கு இன்னொரு நோட்டுப் புத்தகம் தேவைப்படும்.

அதற்கு முன் இங்கே குரூப் 4 வேலை பாக்கி. மஸ்டாவின் குரூப் 4 காரான அட்டென்சாவில் நேற்று மூன்று ஸ்டின்ட் ஓட்டினேன், பிரேக் பேலன்ஸ் எந்த எண்ணிலும் உட்காரவில்லை. மைனஸ் 1-இல் சிக்கேன் நன்றாக இருக்கிறது, ஸ்பூன் கெடுகிறது, பூஜ்யத்தில் தலைகீழ். குரூப் 4 ரவுண்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்றிரவு பிளஸ் 1-இல் ஆரம்பித்து, கலப்பு ரப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய ஜோடியோடு ஒரு தடவை, கலப்போடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.