ஒரு கேசட், ஒரு அண்ணன், ஒரு தம்பி

பிபிசியில் 1985 பிப்ரவரியிலிருந்து ஓடும் தொடர் ஈஸ்ட்எண்டர்ஸ். கள்ளக்காதலுக்கும் குடும்பச் சண்டைக்கும் அதில் பஞ்சமே இல்லை. ஆனாலும் 1994 அக்டோபரில் வெடித்த ஷரோன் விவகாரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன்.

ஷரோனின் கணவன் கிராண்ட் மிட்செல், கை நீட்டுகிற முரடன். அவனுடைய அண்ணன் பில்லோடு அவள் நெருங்கியது 1992-லேயே நமக்குத் தெரியும், கிராண்டுக்குத் தெரியாது. அந்த ரகசியத்தை அவசரப்பட்டு உடைக்காமல் இரண்டு வருடம் ஊறவைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கதை நிற்கிறது. சும்மா ஒரு சாப்பாட்டுக் காட்சியில்கூட மூவரும் ஒரே மேசையில் இருந்தால் வயிற்றைப் பிசையும்.

தோழி மிஷேலிடம் ஷரோன் மனம் திறந்தது கேசட்டில் பதிவாகிறது. அது கிராண்ட் கையில் சிக்குகிறது. அவன் வீட்டில் கத்தவில்லை. பில், கேத்தி நிச்சயதார்த்த விருந்தில், குயீன் விக் பப்பில் ஊரே கூடியிருக்கும்போது போட்டுக் காட்டுகிறான். சொந்தக் குரலை யாரால் மறுக்க முடியும்? எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுவதால், ஒவ்வொருவருக்காய்ச் சேதி போகும் இழுவையும் இல்லை. பாவம் கேத்தி, அவள் முகம்தான் அந்தக் காட்சி.

2007 கிறிஸ்துமஸில் மாமனார் மேக்ஸ், மருமகள் ஸ்டேசி உறவு வீடியோவில் அம்பலமானதும் இதே உத்திதான். அங்கே அடிபட்டவன் பெற்ற மகன் பிராட்லி.