கங்காரு தீவின் கோவாலாக்களும் மொட்டையான மரங்களும்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், ஓர் ஓடைக்கரையில் நின்ற மன்னா கம் மரம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. யூகலிப்டஸ் வகையைச் சேர்ந்த அம்மரத்தின் உச்சிக் கிளைகளில் இலையே இல்லை. அடிமரத்தில் துளிர்த்திருந்த சில கொழுந்துகள் மட்டுமே அதற்கு உயிர் இருப்பதைக் காட்டின. கிளைக்கவட்டில் ஒரு தாய்க் கோவாலா, குட்டியை அணைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் எதற்காக இரங்குவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

கோவாலா அத்தீவுக்கு உரிய விலங்கு அன்று. தோலுக்காக வேட்டையாடப்பட்டுப் பெருநிலத்தில் அருகிப்போன காலத்தில், 1920களில், விக்டோரியாவின் பிரெஞ்சுத் தீவிலிருந்து 18 கோவாலாக்களைக் கொண்டுவந்து பிளிண்டர்ஸ் சேஸ் காட்டுப் பகுதியில் விட்டார்கள். அங்கே டிங்கோ எனப்படும் காட்டு நாய்கள் இல்லை. பெருநிலத்துக் கோவாலாக்களை மலடாக்கும் கிளமிடியா நோயும் இல்லை. ஆகவே அவை பெருகி, விருப்ப உணவான மன்னா கம் மரங்களை மொட்டையடித்தன.

சுட்டுக் குறைக்கலாம் என்று 1996இல் நிபுணர் குழு பரிந்துரைத்ததை அரசு ஏற்காமல், 1997 முதல் கருத்தடையையும் இடமாற்றத்தையும் மேற்கொண்டது. மரமேறத் தெரிந்த ஒருவர், நுனியில் துணி கட்டிய நீண்ட கழியைக் கோவாலாவின் தலைக்கு மேலே அசைக்க, அது மிரண்டு மெல்லக் கீழிறங்கும். கீழே நிற்பவர்கள் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்து, மீண்டும் காட்டில் விடுவார்கள். கருத்தடை செய்யப்பட்ட விலங்கும் பல ஆண்டுகள் வாழ்ந்து தினமும் ஏறத்தாழ அரைக் கிலோ இலை தின்னும் என்பதால், பலன் மரத்தை எட்ட நெடுங்காலம் ஆகிறது. இருந்தாலும் கொல்லாமல் குறைக்க முயன்ற அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

பின்னர் நீலக் கம் என்னும் மற்றொரு யூகலிப்டஸ் வகை மரத்தோட்டங்கள் அவற்றுக்குப் புதிய தீனியாயின. எண்ணிக்கை சுமார் 50,000 ஆனது. 2019–20 காட்டுத்தீ தீவின் ஏறக்குறையப் பாதியை எரித்தபோது பெரும்பாலானவை மாண்டன. அந்தப் படங்களைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஆயினும், எண்ணிக்கை குறைந்திருக்கும் இக்காலமே கருத்தடைக்கு ஏற்ற காலம் என்று உறுதியாக நம்புகிறேன். எரிந்த தோட்டங்கள் வேளாண் நிலமாக மாற்றப்பட்டுவருவதால், அங்கிருந்த கோவாலாக்கள் தீயில் கருகித் தளிர்விடும் இயற்கைக் காட்டை நோக்கித்தான் நகரும். ஆகவே கோவாலாக்களை எண்ணுவதோடு, ஓடைக்கரை மன்னா கம் மரங்களில் எத்தனை விழுக்காடு இலை மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் அளந்து, அதைக் கொண்டே எந்தப் பகுதியில் எத்தனை விலங்குகளுக்குக் கருத்தடை செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.